மீட்பு ஒத்திகையில் எது உடைந்தால் எங்கே பார்ப்பது

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு சின்ன அலுவலகத்தில் இருந்து கணக்குச் செயலி ஒன்றை நடத்துகிறோம். பயன்படுத்துபவர்களில் பெரும்பாலோர் கொலுசுப் பட்டறைக்காரர்கள். யாருக்கு எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தார்கள், எத்தனை கிராம் கொலுசாகத் திரும்பியது, சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. மீதிப்பேர் ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருப்பவர்கள். யார் எத்தனை கிலோ பழம் பறித்தார், சனிக்கிழமை அவர் கைக்கு எவ்வளவு போக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

சர்வர்கள் அமேசான் கிளவுடின் மும்பை மண்டலத்தில், அதாவது அங்கே இருக்கும் அதன் தரவு மையங்களில், ஓடுகின்றன. மும்பை மொத்தமாகப் படுத்துவிட்டால் ஹைதராபாத்தில் எழுப்ப வேண்டும். அந்த மண்டலம் 2022 நவம்பரில் திறந்தது. அதற்கு முன்பு அமேசானுக்கு இந்தியாவில் மும்பை ஒன்றுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மும்பை போய்விட்டது என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஹைதராபாத்தில் எழுப்பிப் பார்க்கிறோம். கீழே இருக்கும் பிழைகள் எல்லாம் அந்த ஒத்திகைகளில் நாங்களே செய்து, நாங்களே கண்டுபிடித்தவை. உங்களுக்கு எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் இரண்டு எண்களை மட்டும் பலகையில் எழுதிக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரத்துத் தரவை இழந்தால் தாங்குவோம் என்பது ஆர்பிஓ. எவ்வளவு நேரத்துக்குள் திரும்ப ஓட வேண்டும் என்பது ஆர்டிஓ. எங்களுக்கு முதலாவது 5 நிமிடம், இரண்டாவது 2 மணி நேரம். ஆர்டிஓ கடிகாரம் நாம் நாற்காலியில் உட்கார்ந்த நேரத்தில் தொடங்காது. முதல் வாடிக்கையாளருக்குத் திரை திறக்காமல் போன நேரத்தில் தொடங்கும்.

ஐந்து நிமிடம் என்று கூட்டத்தில் சொல்வது எளிது. அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு தொழிலாளி 400 கிராம் கொலுசை ஒப்படைத்திருந்தால், மீண்டு வந்த கணக்கில் அந்த வெள்ளி இன்னும் அவர் கையில் இருப்பதாகவே நிற்கும். கணக்குப்படி அவர் கடன்காரர். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்றதையெல்லாம் எழுதுகிறேன்.

ஒத்திகையைத் தொடங்கவே முடியவில்லை

எங்களுடைய முதல் ஒத்திகை இங்கேயே நின்றுவிட்டது. கிளவுட் கணக்கின் தலைமைப் பயனருக்கான ஓடிபி ஒரே ஒருவர் கைபேசியில்தான் வரும். அவருக்குச் சொந்த ஊர் ஏற்காடு. அன்று ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள், நடுவில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். அவர் மேலே போய்ச் சேரும்வரை ஆறு பேர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நாற்பது நிமிடம் போனது.

இப்போது இரண்டு பேரிடம் தனித்தனி செக்யூரிட்டி கீ (ஓடிபிக்குப் பதிலாகப் பயன்படும் சின்னக் கருவி) இருக்கிறது. மூன்றாவது ஒன்று அலுவலகப் பெட்டகத்தில். அவசரத்துக்கு மட்டும் என்று தனியாக ஒரு பயனர் கணக்கும் வைத்திருக்கிறோம். அதில் யார் நுழைந்தாலும் எல்லோர் கைபேசியும் ஒலிக்கும்.

அடுத்தது, வழிமுறைக் குறிப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் குறிப்பு எங்கள் விக்கியில், அதாவது அலுவலகக் குறிப்புகளுக்கான உள்தளத்தில், இருந்தது. விக்கியும் அதே மும்பையில்தான் ஓடியது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகத்துக்கே தெரியாமல் போனபோது நடந்ததும் இதுதான். அவர்களுடைய பிணையமே துண்டிக்கப்பட்டதால், பிரச்சினையைச் சரிசெய்ய வேண்டிய உள்கருவிகளும் கூடவே போய்விட்டன. பொறியாளர்கள் தரவு மையத்துக்கு நேரில் போக வேண்டியிருந்தது. நாங்கள் குறிப்பை அச்சடித்து இரண்டு பிரதி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும் பழையதைக் கிழித்துவிட்டுப் புதியதை வைக்கிறோம்.

பேக்கப் இருக்கிறது, ரீஸ்டோர் ஆக மறுக்கிறது

ரீஸ்டோர் என்றால் பேக்கப்பில் இருந்து தரவைத் திரும்ப ஏற்றுவது. அது நடக்கவில்லை என்றால் முதலில் பேக்கப் கோப்பின் அளவைப் பாருங்கள். நேற்றையது, போன வாரத்தது, போன மாதத்தது என்று மூன்றையும் அடுத்தடுத்து வையுங்கள். தரவு கூடிக்கொண்டே போகிற செயலியில் பேக்கப் இளைத்துக்கொண்டே வந்தால் எங்கோ கோளாறு.

மென்பொருள் எழுதுபவர்களின் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனம் இதை மறைக்காமல் வெளியே சொன்னது, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புறையை அழித்துவிட்டார். 300 ஜிபி அளவு இருந்ததில் நிறுத்துவதற்குள் மிஞ்சியது 4.5 ஜிபி. சரி, பேக்கப்பை எடுப்போம் என்று போனால் அங்கே ஒன்றுமே இல்லை. டேட்டாபேஸ் ஓடியது போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 9.6 பதிப்பில். பேக்கப் எடுத்த கருவி 9.2 பதிப்பு. அது தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் டிமார்க் என்ற, அனுப்பியவர் உண்மையானவரா என்று பார்க்கும் சரிபார்ப்பில் தள்ளப்பட்டு யாருக்கும் வந்து சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் (வட்டின் அந்த நேரத்து நகல்) அவர்களைக் காப்பாற்றியது.

அதனால் "தோற்றால் மின்னஞ்சல் வரும்" என்ற ஏற்பாட்டை நம்பாதீர்கள். "வெற்றி என்ற செய்தி காலை ஏழு மணிக்குள் வராவிட்டால் மணி அடி" என்று மாற்றுங்கள். செய்தி வராமல் போவதும் அப்போது கண்ணில் படும். இன்னும் நல்லது, வாரம் ஒருமுறை தானாகவே ஒரு காலி சர்வரில் ரீஸ்டோர் செய்து, வரிகளை எண்ணிவிட்டு, சர்வரை அழித்துவிடும் ஒரு வேலையை எழுதிவிடுவது. எங்களுக்கு அதை எழுத இரண்டு நாள் ஆனது.

அளவு சரியாக இருந்தும் ரீஸ்டோர் ஆகவில்லையா? பதிப்பைப் பாருங்கள். பதிப்பும் சரி என்றால், மும்பை டேட்டாபேஸில் கூடுதலாகப் போட்டிருந்த எக்ஸ்டென்ஷன் (துணை நிரல்) ஏதாவது ஹைதராபாத்தில் இல்லையா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் பூட்டுச் சாவி, அதாவது தரவை மறைகுறியாக்கிய சாவி.

சாவி விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அமேசானில் இந்தச் சாவிகளை வைத்திருக்கும் சேவை கேஎம்எஸ். அதன் சாவி மண்டலத்துக்கு மண்டலம் தனி. மும்பைச் சாவியால் பூட்டிய ஸ்னாப்ஷாட்டை ஹைதராபாத்துக்குப் பிரதி எடுக்கும்போது, ஹைதராபாத் சாவியைச் சொல்லித்தான் எடுக்க வேண்டும். அதைச் செய்துவிட்டோம். டேட்டாபேஸும் எழுந்தது. ஆனால் வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கு எண் இருக்க வேண்டிய கட்டம் மட்டும் பிழை காட்டியது. காரணம், அந்த எண்களைச் செயலியே தனியாக மும்பைச் சாவியால் பூட்டி டேட்டாபேஸில் வைத்திருந்தது. வட்டின் பூட்டு வேறு, அதற்குள் இருக்கும் பெட்டியின் பூட்டு வேறு. பல மண்டலங்களில் செல்லும் சாவி 2021 ஜூனில் வந்தது. ஆனால் ஏற்கெனவே இருக்கும் சாவியை அப்படி மாற்ற முடியாது. புதிதாக ஒன்றை உருவாக்கி, இருக்கிற தரவையெல்லாம் ஒருமுறை திறந்து திரும்பப் பூட்ட வேண்டும். எங்களுக்கு அது ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வேலை.

மும்பையில் அழிந்தது ஹைதராபாத்திலும் அழிந்துவிட்டது

ரெப்ளிகா, அதாவது மும்பை டேட்டாபேஸின் மாற்றங்களை உடனுக்குடன் வாங்கிக்கொள்ளும் ஹைதராபாத் பிரதி, பேக்கப் கிடையாது. தவறுதலாக ஒரு அட்டவணையை அழித்தால், அந்த அழிப்பும் இரண்டு நொடியில் அங்கே போய்ச் சேரும். இதற்கு மருந்து, பழைய ஒரு நேரத்துக்குத் திரும்புவது. முழு பேக்கப்போடு வால் (WAL) பதிவுகளையும், அதாவது டேட்டாபேஸ் தன் ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாக எழுதும் குறிப்புகளையும், சேமித்து வைத்திருந்தால், அழிப்பதற்கு ஒரு நிமிடம் முன்பு வரை ஓட்டி நிறுத்தலாம்.

இங்கே எங்களை வழுக்கிவிட்டது நேரக் கணக்கு. ஒத்திகைக்காக மாலை 7:12-க்கு ஓர் அட்டவணையை அழித்தோம். பின்னிரவில் மீட்க உட்கார்ந்தவர் திரும்ப வேண்டிய நேரமாக 19:10 என்று போட்டார். சர்வர் அதை யுடிசி, அதாவது நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம், என்று எடுத்துக்கொண்டது. யுடிசி 19:10 என்றால் நமக்கு நள்ளிரவு 12:40. டேட்டாபேஸ் அழிந்த நிலைக்கே அழகாக ரீஸ்டோர் ஆகி நின்றது. போட்டிருக்க வேண்டியது 13:40. இப்போது குறிப்பில் நேரம் எழுதும் இடத்தில் எல்லாம் இந்திய நேரம், யுடிசி என்று இரண்டு கட்டம் இருக்கிறது. இரண்டையும் நிரப்பாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

பேக்கப் எங்கே தூங்குகிறது என்பதையும் பாருங்கள். 2021 மார்ச் 10-ல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, சர்வரோடு பேக்கப்பையும் அதே இடத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் போயிற்று. 2025 செப்டம்பர் 26-ல் தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்த ஜி-டிரைவில் இருந்த 858 டெராபைட்டுக்கு வெளியே பிரதியே இருக்கவில்லை. நாங்கள் ஒரு பிரதியை வேறு மண்டலத்தில், வேறு கிளவுட் கணக்கில், 35 நாளைக்கு யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டி வைக்கிறோம். யாராலும் என்றால் எங்களாலும்தான்.

எல்லாம் எழுந்தது, கணக்கு இடிக்கிறது

விளக்கெல்லாம் பச்சை. பக்கம் திறக்கிறது. உள்ளே போகலாம். இரண்டாவது ஒத்திகையில் இந்த இடத்தில் கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போனோம். அன்று மாலை, மீண்ட பிரதியை மடிக்கணினியில் எடுத்துக்கொண்டு செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவரைப் பார்க்கப் போனேன். அவர் செயலியில் எழுதினாலும் பக்கத்தில் சிட்டையும் எழுதுவார். தராசுக்குப் பக்கத்தில் வெள்ளித்தூள் படிந்த நீள நோட்டு. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"தம்பி, இன்னைக்குக் காலையில பையன் 412 கிராம் கொண்டாந்து குடுத்தான். என் சிட்டையில இருக்குது. உங்க பொட்டியில அவன் பேர்ல இன்னும் பாக்கி நிக்குதுங்களே."

டேட்டாபேஸ் பின்தங்கல், அதாவது ஹைதராபாத் பிரதி மும்பைக்கு எவ்வளவு பின்னால் இருக்கிறது என்பது, இரண்டு நொடி என்றுதான் எங்கள் திரை சொன்னது. அது பொய்யும் இல்லை. ஆனால் எடை போட்டதும் அந்தப் பதிவு நேராக டேட்டாபேஸுக்குப் போகவில்லை. தராசுத் திரையின் படத்தோடு சேர்ந்து ஒரு வரிசையில் நின்று, தன் முறை வரும்போதுதான் எழுதப்பட்டது. அந்த வரிசை மும்பையில் மட்டும் இருந்தது. நாங்கள் மும்பையை நிறுத்திய நொடியில் வரிசையில் நின்றிருந்தவை 11 பதிவுகள். பதினொன்றும் போயின. வாடிக்கையாளருக்கு மட்டும் "பதிவானது" என்று பச்சைக் குறி காட்டிவிட்டோம்.

சரிசெய்த விதம் இது. எடை முதலில் டேட்டாபேஸில் ஒரு வரியாக எழுதப்படும். எழுதி முடித்த பிறகுதான் பச்சைக் குறி. படம், எஸ்எம்எஸ், அறிக்கை எல்லாம் அந்த வரியைப் பார்த்துப் பின்னால் வரிசையில் நிற்கலாம். வரிசை தொலைந்தாலும் வரியைப் பார்த்துத் திரும்ப உருவாக்கிக்கொள்ளலாம். உங்கள் செயலியிலும் வாடிக்கையாளருக்கு "ஆயிற்று" என்று சொல்லும் நொடியில் தரவு எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அது இருக்கும் இடம் எல்லாம் ஆர்பிஓ கணக்கில் வர வேண்டும்.

அப்புறம், சர்வர் எழுந்ததை வைத்து ஒத்திகை வெற்றி என்று சொல்வதை விட்டுவிட்டோம். இப்போது ஒவ்வொரு மணிக்கும் பட்டறைவாரியாகக் கட்டுத்தொகை போட்டு வேறொரு கிளவுட் கணக்கில் வைக்கிறோம். கொடுத்தது, வந்தது, சேதாரம், கையிருப்பு, வரிகளின் எண்ணிக்கை, கடைசிப் பதிவின் நேரம். கொடுத்தது 1000.000 கிராம், வந்தது 962.400, சேதாரம் 12.600 என்றால் கையிருப்பு 25.000 நிற்க வேண்டும். மீண்ட டேட்டாபேஸில் அதே நேரத்துக்கான கட்டுத்தொகையைத் திரும்பப் போட்டு ஒப்பிடுவோம். ஒரு பட்டறையில் ஒரு மில்லிகிராம் வித்தியாசம் வந்தாலும் ஒத்திகை முடியவில்லை என்றே எழுதுவோம். மீண்ட தரவுக்குள்ளேயே கூட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லக் கூடாது. தொலைந்த வரி கூட்டலில் குறையாகத் தெரியாது.

பின்தங்கலை அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ரெப்ளிகாவில் கடைசியாக வந்த மாற்றத்தின் நேரத்தை இப்போதைய நேரத்தில் இருந்து கழித்தால், இரவு மூன்று மணிக்கு யாருமே எதுவும் எழுதாதபோது பின்தங்கல் ஒரு மணி நேரம் என்று காட்டி எழுப்பிவிடும். 10 நொடிக்கு ஒருமுறை மும்பையில் ஒரு வரியில் நேரத்தை எழுதுங்கள். அதை ஹைதராபாத்தில் படித்துக் கழியுங்கள். அளவு நம்பும்படி இருக்கும்.

தராசுப் படங்கள் சில மட்டும் இல்லையென்றால், அமேசானின் கோப்புக் கிடங்கான எஸ்3-ன் பிரதி விதியை (கோப்புகளை வேறு மண்டலத்துக்குத் தானாக அனுப்பும் ஏற்பாடு) பாருங்கள். விதியைப் போட்ட நாளுக்குப் பிறகு வந்த கோப்புகள்தான் தானாகப் போகும். அதற்கு முன் இருந்தவற்றைத் தனியாக ஒரு தொகுப்பு வேலை ஓட்டித்தான் அனுப்ப வேண்டும். எங்களிடம் முதல் ஒன்றரை ஆண்டுப் படங்கள் மும்பையிலேயே இருந்தன.

சர்வர் தயார், வாடிக்கையாளருக்கு மட்டும் திறக்கவில்லை

டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு எந்த சர்வர் முகவரி என்று சொல்லும் பதிவு) மாற்றிவிட்டீர்கள், ஆனால் பழைய முகவரிக்கே போகிறார்கள் என்றால் டிடிஎல், அதாவது அந்தப் பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்ற அளவு, எவ்வளவு என்று பாருங்கள். 86,400 நொடி என்று இருந்தால் ஒரு நாள் வரை பழையதையே பிடித்துக்கொண்டிருப்பார்கள். விபத்து நடந்த பிறகு அதைக் குறைத்துப் பயனில்லை. இன்றைக்கே 60 நொடியாக்கி அப்படியே விட்டுவிடுங்கள்.

டிடிஎல் சரியாக இருந்தும் செயலியின் சர்வர்கள் பழைய டேட்டாபேஸையே தட்டிக்கொண்டிருந்தால், கனெக்‌ஷன் பூல் (திரும்பத் திரும்பப் பயன்படுத்த வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) திறந்து வைத்திருக்கும் பழைய இணைப்புகள்தான் காரணம். ஒரு முறை சர்வர்களை மறுதொடக்கம் செய்தால் போதும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் ஓர் இணைப்பின் ஆயுளைப் பத்து நிமிடத்துக்குள் வையுங்கள்.

உள்ளே நுழைய ஓடிபி மட்டும் வரவில்லையா? எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனம் உங்கள் மும்பை ஐபி முகவரியை மட்டும் அனுமதித்திருக்கும். பணம் வசூலிக்கும் கேட்வேயும் அப்படித்தான். ஹைதராபாத்தின் வெளிச்செல்லும் முகவரிகளை இன்றே அவர்களிடம் பதிந்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவில் அந்தக் கோரிக்கையை எடுத்துப் பார்க்க அங்கே ஆள் இருக்க மாட்டார்கள்.

சான்றிதழ்ப் பிழை வந்தால், தளத்தின் பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் சான்றிதழும் மண்டலத்துக்கு மண்டலம் தனி என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

திறக்கிறது, நகரவில்லை

மூன்று இடம் பார்க்க வேண்டும். ஸ்னாப்ஷாட்டில் இருந்து உருவான வட்டு உடனே தயார் என்று காட்டும். உண்மையில் ஒவ்வொரு துண்டையும் முதல்முறை தொடும்போதுதான் அது எஸ்3-ல் இருந்து இழுத்து வரும். அதனால் பெரிய அட்டவணைகளை ஒருமுறை முழுக்கப் படிக்கவைத்துச் சூடாக்கிவிட்டுப் பிறகு கதவைத் திறங்கள். இரண்டாவது, டம்ப் கோப்பில் (டேட்டாபேஸ் முழுவதையும் எழுதி எடுத்த கோப்பு) இருந்து ரீஸ்டோர் செய்திருந்தால், தரவின் புள்ளிவிவரத்தைத் திரட்டும் அனலைஸ் கட்டளையை ஓட்டினீர்களா? ஓட்டாவிட்டால் போஸ்ட்கிரஸுக்கு அட்டவணைக்குள் தரவு எப்படிப் பரவியிருக்கிறது என்று தெரியாமல், இண்டெக்ஸ் (தேடலுக்கான அகரவரிசை போன்றது) இருந்தும் முழு அட்டவணையையும் தேடக்கூடும். மூன்றாவது, ஒதுக்கீட்டு வரம்பு. மும்பையில் நீங்கள் கேட்டு உயர்த்தி வாங்கிய சர்வர் எண்ணிக்கை ஹைதராபாத்துக்குச் செல்லாது. அங்கே தனியாகக் கேட்க வேண்டும். ஒரு மண்டலமே விழுந்த நாளில் எல்லோரும் அதே கோரிக்கையோடுதான் வருவார்கள்.

ஒரே ரசீது எண் இரண்டு பேருக்கு

வட்டை அப்படியே நகலெடுக்காமல் வரிகளின் மாற்றங்களை மட்டும் அனுப்பும் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் பயன்படுத்துகிறீர்கள் என்றால், இன்று பரவலாக ஓடும் போஸ்ட்கிரஸ் பதிப்புகளில் வரிகள் போய்ச் சேரும், அடுத்த எண்ணைக் கொடுக்கும் வரிசை எண் எந்திரத்தின் நிலை போகாது. ஹைதராபாத்தில் அது இன்னும் 1-ல் நிற்கும். முதல் ரசீது போட்டதும் "ஏற்கெனவே உள்ளது" என்று பிழை வரும். பிழை வந்தால் நல்லதுதான், கண்ணில் படுகிறது.

கண்ணில் படாதது இன்னொன்று. விபத்துக்கு ஒரு நிமிடம் முன் 4182 என்ற எண்ணில் ரசீது அச்சாகி வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்டது. அந்த வரி ஹைதராபாத்துக்கு வந்து சேரவில்லை. மீண்ட பிறகு அடுத்தவருக்கு அதே 4182 போகும். எந்தப் பிழையும் காட்டாது. இரண்டு காகிதம் ஊருக்குள் உலாவும்.

உள்பயன்பாட்டு எண்களுக்கு, எழுந்ததும் 1000 எண் தாண்டி வைத்துவிடுகிறோம். ஜிஎஸ்டி பில்லில் அப்படித் தாண்ட மனம் வரவில்லை. விதி 46-ன்படி எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், நிதியாண்டுக்குள் ஒரே எண் திரும்ப வரக் கூடாது, 16 எழுத்துக்கு மிகக் கூடாது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ள அதே விதி இடம் கொடுக்கிறது. அதனால் ஹைதராபாத்தில் எழுந்தால் பில் எண்ணின் முன்னொட்டு மாறிப் புதிய வரிசை 1-ல் தொடங்கும். இதை ஒத்திகைக்கு முன்பே உங்கள் ஆடிட்டரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

ஒரே செய்தி இரண்டு முறை போகிறது

நான்காவது ஒத்திகை ஒரு சனிக்கிழமை. நாளைத் தேர்ந்தெடுத்ததே தவறு. ஹைதராபாத்தில் பிரதியை எழுப்பினோம். மும்பை உண்மையில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எழுந்த பிரதிக்கு, தான் ஒத்திகைப் பிரதி என்று தெரியாது. சனிக்கிழமை மாலை ஐந்து மணி ஆனதும் அது தன் கடமையைச் செய்தது. நாகலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தவர்களுக்கு வாரக் கூலிச் செய்தி இரண்டு முறை போனது. இரண்டிலும் தொகை. சிலர் இரட்டிப்புக் கூலி என்று நம்பிவிட்டார்கள். கணக்கப்பிள்ளைதான் முதலில் கூப்பிட்டார். "சார், போனஸ் ஏதாவது போட்டிருக்கீங்களான்னு கேக்குறாங்க, நான் என்ன சொல்ல?" என்றார். மறுநாள் காலை நானும் இன்னொருவரும் மலை ஏறிப் போய், லயன் வீடுகளுக்கு முன்னால் நின்று எங்கள் தவறு என்று சொல்லிவிட்டு வந்தோம். ஒரு அம்மா கைபேசியை என்னிடம் நீட்டி இரண்டு செய்தியையும் காட்டினார். அழிக்காமல் வைத்திருந்தார்.

ஒத்திகைச் சூழலில் வெளியே போகும் கதவுகள் எல்லாம் பூட்டியிருக்க வேண்டும். எஸ்எம்எஸ், மின்னஞ்சல், பணம், வாட்ஸ்அப் எல்லாமே. செயலியில் ஒரு அமைப்பை மாற்றி அணைப்பது போதாது, மறந்துவிடுவோம். பிணைய அளவில் அடையுங்கள்.

நிஜ விபத்திலும் இதே ஆபத்து உண்டு. மும்பை இறந்துவிட்டது என்று நினைத்து ஹைதராபாத்தை முதன்மையாக்கிவிடுவோம். அரை மணியில் மும்பை திரும்பி வந்து, தானும் முதன்மை என்றே நினைக்கும். இரண்டு பேரேட்டிலும் புதுக் கணக்கு ஏறும். பிறகு பிரிக்கவே முடியாது. அதனால் முதலில் பழையதன் எழுதும் உரிமையைப் பறிக்க வேண்டும், அப்புறம்தான் புதியதை உயர்த்த வேண்டும். பழையதை எட்டவே முடியவில்லை என்றால், அது விழித்தாலும் யாரும் அதனிடம் போக முடியாதபடி வழியை அடையுங்கள். எங்கள் குறிப்பில் சிவப்பு மையில் இருப்பது இந்த ஒரு படி மட்டும்தான்.

மலையில் எழுதிய எடை காணவில்லை

பழம் பறிப்பு நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை போகும். மாலையில் களத்தில் எடை போடுவார்கள். அந்த நேரத்தில் மூடுபனி, சில இடங்களில் சிக்னல் இருக்காது. அதனால் செயலி கைபேசியிலேயே எழுதி வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைத்ததும் அனுப்பும். சர்வர் "கிடைத்தது" என்றதும் கைபேசி தன் பிரதியை அழித்துவிடும்.

இங்கே ஓட்டை தெரிகிறதா? மும்பை "கிடைத்தது" என்று சொல்லி, கைபேசி அழித்து, அந்த வரி ஹைதராபாத்துக்குப் போவதற்குள் மும்பை விழுந்தால், அந்த எடை உலகத்தில் எங்குமே இல்லை. ஒத்திகையில் ஒரு கூடை, 38 கிலோ, இப்படிப் போனது. பறித்தவருக்கு அது ஒரு நாள் உழைப்பில் பெரிய பங்கு.

இப்போது கைபேசி ஏழு நாளைக்குத் தன் பிரதியை அழிக்காது. சர்வருக்கு ஒரு பிறவி எண் கொடுத்தோம். ஒவ்வொரு ஃபெயில்ஓவரிலும், அதாவது ஒரு மண்டலத்தில் இருந்து மற்றதற்கு மாறும் ஒவ்வொரு முறையும், அந்த எண் ஒன்று கூடும். கைபேசி சர்வரோடு பேசும்போது எண் மாறியிருப்பதைப் பார்த்தால், கடைசி ஏழு நாள் பதிவுகளை எல்லாம் திரும்ப அனுப்பும். ஒவ்வொரு பதிவுக்கும் கைபேசியே கொடுத்த தனி அடையாளம் உண்டு. ஏற்கெனவே இருக்கும் அடையாளம் வந்தால் சர்வர் பேசாமல் ஏற்றுக்கொண்டு விட்டுவிடும், இல்லாததை எழுதிக்கொள்ளும். அடையாளத்தைச் சர்வர் கொடுக்கும்படி வைத்திருந்தீர்கள் என்றால், திரும்ப அனுப்பும்போது எல்லாம் இரட்டிப்பாகும். அதை முதலில் மாற்றுங்கள்.

மும்பைக்குத் திரும்ப முடியவில்லை

போவதை எல்லோரும் ஒத்திகை பார்க்கிறார்கள், திரும்புவதைப் பார்ப்பதில்லை. பழைய முதன்மையைப் புதியதன் பின்னால் நிற்கவைக்க பிஜி ரீவைண்ட் என்ற போஸ்ட்கிரஸ் கருவி உதவும். ஆனால் டேட்டா செக்சம் அல்லது வால் லாக் ஹின்ட்ஸ் என்ற போஸ்ட்கிரஸ் அமைப்பு முன்கூட்டியே இயங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் முழுப் பிரதியையும் முதலில் இருந்து எடுக்க வேண்டும். எங்கள் அளவுக்கு அது நான்கு மணி நேரம். அவசரம் எதுவும் இல்லாத வேலை என்பதால் ஒரு வாரம் ஹைதராபாத்திலேயே ஓடிவிட்டு, நிதானமாகத் திரும்புங்கள்.

ஒரு பிழையும் வரவில்லை

இதையும் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பை எழுதியவரே ஒத்திகையையும் ஓட்டினாரா என்று பாருங்கள். அவர் கை எழுதாத படிகளையும் பழக்கத்தில் செய்துகொண்டே போகும்.

போன முறை, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமான பெண்ணிடம் அச்சடித்த குறிப்பைக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்தோம். பேசக் கூடாது என்பது விதி. 14-வது படியில் நின்றார். "ரெப்ளிகா சரியாக இருப்பதை உறுதி செய்யவும்" என்று இருந்தது. "அண்ணா, சரின்னா எவ்வளவு?" என்று கேட்டார். நான்கு பேர் நான்கு எண் சொன்னோம். பிறகு, நேர வரியின் பின்தங்கல் 30 நொடிக்குக் கீழ், கட்டுத்தொகை வித்தியாசம் பூஜ்யம் என்று பேனாவால் அவரே அந்தப் படியைத் திருத்தி எழுதினார். அடுத்த ஒத்திகை பழம் பறிப்பு தொடங்குவதற்கு முன், அக்டோபரில் ஒரு புதன்கிழமை. குறிப்பு இப்போது அவரிடம்தான் இருக்கிறது.